போட்ட சாலையும் பேணும் கடமையும்

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்குச் "சாலை" என்ற சொல் முதலில் ஒரு கடைத்தெருவையே நினைவூட்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் நிறுவிய அக்கடைவீதியில் அரிசியும் பலசரக்கும் விற்று வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல. வண்டி வரும் வழி இல்லையேல் வணிகம் இல்லை. ஆதலால் இவ்வூர்ப் பாதைகளின் நலம் நம் வாழ்வின் நலமாகவே இருந்துவந்துள்ளது.

அப்பாதைகளை அமைத்ததில் தமிழகத்தில் பிறந்த திவான்களுக்கும் பங்குண்டு. கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ் காலத்தில், 1860இல், திருவிதாங்கூர்ப் பொதுப்பணித் துறை தோன்றியது. தலைமைச் செயலகத்தின் எதிரே நிற்கும் அவர் சிலையால்தான் அவ்விடம் "ஸ்டாச்யூ" எனப் பெயர்பெற்றது. சர் சி. பி. ராமஸ்வாமி ஐயர் காலத்தில் கன்னியாகுமரிவரை சிமெண்ட் கான்கிரீட் சாலை அமைந்தது. 1956 நவம்பர் 1இல் எல்லை பிரிந்த பின்னும் நாகர்கோவில் உறவினரை நம்மோடு இணைத்து நிற்பது அவ்வழியே.

சாலை அமைப்பது ஒருநாள் விழா. பேணுவதோ ஆண்டுதோறும் நோற்கும் நோன்பு. இடவப்பாதியும் துலாவர்ஷமும் தவறாமல் பெய்யும் ஊர் இது. தார்ப்பரப்பில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும். நீர் உட்புகுந்து அடிச்சல்லியைத் தளர்த்தும். பேருந்துச் சக்கரம் அழுத்தி அழுத்திக் குழியாக்கும். கோடையிலேயே வடிகாலைத் தூர்வாரி, வெடிப்பை அடைத்துவிட்டால் செலவு சிறிது. விட்டுவைத்தால் சாலையையே புதிதாக இட நேரும். ஆனால் புதிய சாலைக்குத் திறப்புவிழாக் கல்வெட்டு உண்டு. அடைத்த வெடிப்புக்கு அது இல்லை. எனவே நெருக்கடி வந்தால் முதலில் குறைக்கப்படுவது பராமரிப்புத் தொகையே.

இக்குறையைப் போக்கக் கேரளம் இரு வழிகளைக் கண்டது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 5.5 விழுக்காட்டை உள்ளாட்சிச் சொத்துகளின் பராமரிப்புக்கென்றே ஒதுக்குமாறு இரண்டாம் மாநில நிதிக்குழு பரிந்துரைத்தது. அவ்வழி வந்த நிதி, சாலைக்கு வேறு, பிற சொத்துகளுக்கு வேறு எனப் பகுக்கப்படுகிறது. மற்றொரு வழி, 2001ஆம் ஆண்டின் கேரளச் சாலை நிதிச் சட்டம். அதன்கீழ் அமைந்த வாரியம் 2004இல் தலைநகரின் ஏறத்தாழ 42 கி.மீ. சாலைகளைத் தனியார் நிறுவனமொன்றிடம் ஒப்படைத்தது. நிறுவனம் தன் முதலீட்டில் சாலையைச் செப்பனிட்டு 15 ஆண்டுகள் பேணவேண்டும். அரசு தவணை முறையில் பணம் தரும். நிலம் எடுப்பதில் தாமதம் நேர்ந்து பணி நீண்டதெனினும், பேணுதலையும் சேர்த்தே விலைபேசிய அந்த முறை நல்லதொரு பாடம்.

இனி நம் கடமை யாது? நம் வாயிலில் செல்லும் வழி மாநகராட்சிக்குரியதா, பொதுப்பணித் துறைக்கா, சாலை நிதி வாரியத்துக்கா என முதலில் அறிதல் வேண்டும். உரியவர் யாரென அறியாத முறையீடு ஊர் சுற்றித் திரும்பும். அடுத்து, இவ்வாண்டுப் பராமரிப்பு நிதியில் நம் தெருவுக்கு வந்தது எவ்வளவு, குழாய் பதிக்கத் தோண்டிய இடம் முறையாக மூடப்பட்டதா என்று வார்டுக் கூட்டத்தில் வினவுதல் வேண்டும்.

"நாம் வெளியூரார், நமக்கேன்?" என்று ஒதுங்குவார் உளர். மலையாளத்தில் பேசக் கூசுவாரும் உளர். கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாக வரி செலுத்துவோர் எங்ஙனம் வெளியூரார் ஆவர்? நம் பிள்ளைகள் பள்ளிக்கும் பெற்றோர் கோயிலுக்கும் நடப்பது இவ்வழிகளில்தானே! கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதனை நாம் எடுத்துக்கொள்வோமாக.