ஒரு மாத்திரை குறைந்தது... பழி அவன் மேல் விழுந்தது!

கோபாலபுரத்தில் அக்கா வீட்டில்தான் நானும் இருக்கிறேன். அக்கா பையனுக்கு 9 வயது. ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். நாங்கள் 'வாலு' என்று சிரித்துக்கொண்டிருந்தோம். மனநல மருத்துவர்தான் 'ஏ.டி.ஹெச்.டி' என்றார். பெற்றோருக்குப் பயிற்சி, வகுப்பில் முதல் பெஞ்ச் என்று தொடங்கி, பிறகு மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை. காலை டிபனுக்குப் பிறகு ஒன்று.

"ஏற்கெனவே ஓடிட்டே இருக்கான். இவனுக்கு எதுக்கு ஊக்க மருந்து?" என்று அம்மா பதறினார்.

"இது ஓடறதுக்கு இல்லம்மா, பிரேக் பிடிக்கறதுக்கு" என்றாள் அக்கா.

உண்மைதான். கவனத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் தேவையான டோபமைன், நார்அட்ரினலின் இரண்டையும் மூளையில் கூடுதல் நேரம் தங்கவைக்கிறது இந்த மருந்து. இந்த வகை மருந்துகளின் பலன் தெரியவந்ததே தற்செயலாகத்தான். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி, தலைவலிக்காகக் குழந்தைகளுக்கு பென்சிட்ரின் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால், 30 குழந்தைகளில் பாதிப் பேர் படிப்பில் சட்டென முன்னேறினார்கள். 1937-ல் அதை அவர் வெளியிட்டார்.

இதையெல்லாம் படித்து வைத்திருந்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஒரு நைட் ஷிஃப்ட். விடிவதற்குள் நான்கு கட்டுரைகள் முடிக்க வேண்டும். கண் சொக்கியது. 'ஒண்ணே ஒண்ணுதானே' என்று அவன் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நெஞ்சு படபடத்தது. பசி இல்லை, தூக்கம் இல்லை. விரல்கள் மட்டும் நிற்கவே இல்லை. 'பின்னிட்டோம்' என்று நினைத்தேன். காலையில் எடிட்டரிடமிருந்து போன். "ஒரே பாரா ரெண்டு கட்டுரையில இருக்கு. எழுதினது நிறைய இருக்கு, விஷயத்தைத்தான் காணோம்!"

அதே நேரம் ஹாலில் அக்காவின் குரல். "ஒண்ணு குறையுதே... தூக்கிப் போட்டியாடா?"

"இல்லம்மா, நான் தினமும் சாப்பிட்டேன்மா..."

அழுதுகொண்டேதான் ஸ்கூல் வேன் ஏறினான். நான் வாயைத் திறக்கவில்லை.

மாலையில்தான் சொன்னேன். அக்கா திட்டவில்லை. "என்கிட்ட சொல்லாத. அவன்கிட்ட சொல்லு" என்றாள். சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "உனக்கும் ஏ.டி.ஹெச்.டி-யா சித்தி?" என்று கேட்டான். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்!

அடுத்த செக்கப்புக்கு நானும் போனேன். "இவனுக்கு உயரம், எடை, ரத்த அழுத்தம், குடும்பத்துல இதய நோய் இருக்கானு எல்லாம் பார்த்துத்தான் டோஸ் முடிவு பண்ணோம். உங்களுக்கு யார் பார்த்தாங்க?" என்றார் மருத்துவர். பசி குறைவது, தூக்கம் கெடுவது, வளர்ச்சி சற்று மந்தமாவது எல்லாம் அவனுக்கும் வரலாம். அதனால்தான் அவ்வப்போது பரிசோதனை. இஷ்டத்துக்கு விழுங்கினால் பதற்றத்தில் தொடங்கி, பழக்க அடிமைத்தனம் வரை போகும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இந்த மருந்து இருப்பதும் அதனால்தான்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஆரோக்கியமான 40 பேரிடம் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் செய்து 2023-ல் வெளியிட்ட ஆய்வு, என் கதையையே சொன்னது. இத்தகைய மருந்து எடுத்தபோது அவர்கள் அதிக நேரம் முயன்றார்கள். முயற்சியின் தரமோ குறைந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவர் இதை எழுதித் தந்தால் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். சந்தேகத்தை அவரிடமே கேளுங்கள். பரீட்சைக்கு, வேலைக்கு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416-ல் பேசலாம்.

மாத்திரை டப்பா இப்போது அக்காவின் பீரோவில். தினமும் காலையில் அவனே எண்ணிப் பார்க்கிறான். எண்ணி முடித்ததும், ஓரக்கண்ணால் என்னையும் ஒரு பார்வை பார்க்கிறான்.