மலைவாழ் உறவினர்

செய்யாறு சவ்வாது மலையில் தோன்றி, செங்கம் வழியே ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கின்றது. நெசவால் பெயர்பெற்ற எங்கள் ஐயம்பேட்டை அம்முக்கூடலுக்கு அணித்தே உள்ளது. ஆற்றின் முடிவிடத்தை இளமை முதல் அறிந்திருந்த நான், அதன் பிறப்பிடத்தையும் அங்கு வாழும் மக்களையும் கண்டது பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரே ஆகும்.

அம்மலையின் அடிவாரத்துள்ள செங்கம், சங்க காலத்தில் செங்கண்மா எனப் பெயர் பெற்றிருந்தது. அதனை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், பத்துப்பாட்டுள் ஒன்று. 583 அடிகளை உடையது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு அந்நூல் வழி கூறுகின்றது. மலைச் சிற்றூர்களில் தம் வீட்டில் நுழைவார்போல் தயங்காது நுழையலாம் என்றும், அங்குள்ளோர் நெடுநாட் சுற்றத்தாரைப்போல் வரவேற்றுத் தினைச்சோறு அளிப்பர் என்றும் புலவர் உரைக்கின்றார். பல்லாண்டுகள் மாணவர்க்குக் கற்பித்த அப்பகுதியைக் கண்ணாற் காணும் பேறு எனக்கும் வாய்த்தது.

என்னிடம் பயின்ற ஒருவர் சவ்வாது மலையில் ஆசிரியராக இருந்தார். அவர் அழைப்பை ஏற்று, ஒரு கார்த்திகைத் திங்களில் போளூரிலிருந்து பேருந்தில் ஜமுனாமரத்தூர் சென்றேன். அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் இருவரும் இரண்டு நாழிகை நடந்து ஒரு சிற்றூரை அடைந்தோம். அவ்வூரில் இரண்டு குடும்பத்தாருடன் மூன்று நாள் தங்கினேன்.

முதல் வீட்டில் எண்பது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் இருந்தார். மண்சுவரும் புற்கூரையும் உடைய அவ்வீட்டின் திண்ணை சாணத்தால் மெழுகப்பெற்றுத் தூய்மையாக விளங்கியது. “ஐயா எந்த ஊர்?” என்று வினவினார். காஞ்சிபுரத்தை அடுத்த ஊர் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “காஞ்சியா! அப்படியானால் நீ எங்கள் ஊர்ப் பிள்ளை. உள்ளே வந்து உட்கார், தம்பி” என்றார். அதன்பின் அவர் என்னை ஐயா என்று அழைக்கவே இல்லை. அன்றிரவு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இட்டனர்.

உணவுக்குப் பின் அம்முதியவர் தம் குலக் கதையைக் கூறினார். முன்னொரு காலத்தில் கங்குந்தி வேடர் காஞ்சி வேளாளரிடம் பெண் கேட்டனர்; மறுக்கவே, ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். வேளாளர் எழுவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். “நாய்கள் மட்டும் திரும்பினால் எங்களை இறந்தோராகக் கொள்க” என்று மனைவியரிடம் கூறிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம் பெருகியது. ஆடவர் கரையேறினர்; நாய்களோ பாதி வழியில் திரும்பிவிட்டன. மனைவியர் இறுதிக் கடன்களைச் செய்து முடித்தனர். வேடரை வென்று திரும்பிய எழுவரையும் ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் வேடர்குலப் பெண்களை மணந்து இம்மலையில் குடியேறினர். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல்தொகுதியிலும் இக்கதை காணப்படுகின்றது. கதையோ வரலாறோ, தம்மை இறந்தோராகக் கருதிய ஊரை இம்மக்கள் இன்றும் தம் ஊர் என்றே கூறுகின்றனர்.

இவர்களுக்கு மலையாளி என்பது பெயர்; மலையில் வாழ்வோர் என்பது பொருள். இவர்கள் பேசுவது தமிழே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலையாளிகள் தமிழ்நாட்டில் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவர். மாநிலப் பழங்குடியினருள் இவர்களே மிகப் பெருந்தொகையினர்.

மூன்றாம் நாள் தங்கிய வீட்டில் ஒரு பெண்மணி இரு குழந்தைகளுடன் இருந்தார். சாமை விளைச்சல் ஆண்டு முழுவதற்கும் போதாமையால், அவர் கணவர் கேரளத்து மிளகுத் தோட்டத்திற்குக் கூலி வேலைக்குச் சென்றிருந்தார். “வேலைக்கென்று யார் வந்து அழைத்தாலும் என் நெஞ்சு பதறுகிறது, ஐயா. எந்தக் காட்டுக்கு அழைத்துப் போவார்களோ!” என்றார் அவர். அவர் அச்சம் காரணமற்றதன்று. செம்மரம் வெட்டியதாகக் குற்றம் சாட்டப்பெற்ற தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர், 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இம்மலையைச் சேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். வெள்ளத்தைக் கடந்து சென்ற கணவரின் வரவை நோக்கியிருந்த காஞ்சி மகளிரின் துயரம், இன்று மலைக்குடிசைகளில் வாழ்கின்றது.

விடைபெறும்போது குழந்தைகளுக்கென்று சிறிது பணம் நீட்டினேன். அப்பெண்மணி கையை விலக்கிக்கொண்டார். “உறவென்று வந்தவரிடம் சோற்றுக்கு விலை வாங்குவதா?” என்றார். குதிரில் பாதியளவே தானியம் இருந்ததை நான் கண்டிருந்தேன். அக்குறைவிலிருந்தே மூன்று வேளையும் எனக்கு உணவளித்தார் அவர்.

மாணவர்களே! புளியும் தேனும் விற்க இம்மக்கள் மலையிறங்கி நம் ஊர்ச் சந்தைக்கு வருகின்றனர். அவர்தம் பிள்ளைகள் நம் கல்லூரிகளில் பயில வருகின்றனர். அவர்களைக் காட்டார் என்று இகழ்வாரும், எடையிலும் விலையிலும் ஏய்ப்பாரும் நம்மிடையே உளர். மலைமேல் நமக்கென ஒரு திண்ணை மெழுகி வைக்கப்பட்டுள்ளது. அவர்கள் இறங்கி வரும்போது “எந்த ஊர்?” என்று அன்புடன் வினவி அமரச் செய்யும் திண்ணை நம் தெருக்களிலும் இருத்தல் வேண்டும்.