ராயபுரத்தில் புதருக்கும் ஓர் இடம்

வடசென்னையின் நெருக்கமான தெருக்களுக்குப் பூங்காதான் முற்றம். ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா. காலையில் வாக்கிங், மாலையில் பிள்ளைகள், நடுப்பகலில் நிழல் தேடி வருபவர்கள் என்று ஆள் ஓயாத இத்தகைய இடங்களில்தான் தையல்சிட்டும் அணிலும் வண்ணத்துப்பூச்சியும் பங்கு கேட்கின்றன.

அடையாற்றின் கழிமுகத்தில் 58 ஏக்கரில் மீட்டெடுக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா 2011-இல் திறக்கப்பட்டபோது, முன்பதிவு செய்தவர்களை மட்டுமே குறிப்பிட்ட நேரத்தில் வழிகாட்டியோடு உள்ளே விட்டார்கள். அங்கே அது சரி. வேறு திறந்தவெளியே இல்லாத பேட்டையில் பூட்டுப் போட்டுப் பறவை வளர்ப்பது அநியாயம். இங்கே இடத்தை வேலி போட்டுப் பிரிக்க முடியாது; உயரத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

உச்சியில் மரக்கிளை, தரையில் புல். இந்த இரண்டிலும் தகராறு இல்லை. சண்டை எல்லாம் இடுப்பளவுப் புதரில்தான். மறைவு இருந்தால் பெண்கள் அந்தப் பக்கம் நடக்கத் தயங்குவார்கள், காவலாளிக்கும் பார்வை எட்டாது. மறைவு இல்லாவிட்டால் தையல்சிட்டு கூடு கட்டாது. நடைபாதை ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குமேல் எதையும் விடாமல், அடர்ந்த புதரைச் சுற்றுச்சுவரை ஒட்டித் தள்ளிவிடுவதே நடைமுறைத் தீர்வு. கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைப் பக்கம் என்றால் அதே புதர் புழுதியையும் கொஞ்சம் தாங்கும். கவாத்து செய்யும்போது அதை மொத்தமாக மொட்டையடிக்காமல் பகுதி பகுதியாக வெட்ட வேண்டும். கத்தரியை வைக்குமுன் அகன்ற இலைகளைப் புரட்டிப் பார்ப்பது நல்லது: இரண்டு இலை விளிம்புகளைப் பஞ்சு இழையால் சேர்த்துத் தைத்திருந்தால் அந்தக் கிளையை விட்டுவிட வேண்டும்.

மரத் தேர்வில் 2016 டிசம்பர் 12 வர்தா புயல் ஒரு பாடம் நடத்தியது. தூங்குமூஞ்சி, மயில்கொன்றை போன்றவை ஏராளமாகச் சாய்ந்தன. உப்புக்காற்று வீசும் இந்தக் கரைக்குப் புன்னை, பூவரசு, புங்கை ஏற்றவை.

வண்ணத்துப்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது. புழு தின்ன இலையும் வேண்டும். எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சை அழகி வரும். எருக்குக்கு வெந்தய வரியன். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு அதன் புழு இலையை விளிம்பிலிருந்து தின்னும். பார்ப்பவருக்கு அது நோய்பிடித்த செடி. உடனே மருந்து அடிக்கச் சொல்லிப் புகார் வரும். எருக்கை மூலையில் நட்டு, பக்கத்தில் நாலு வரியில் ஒரு பலகை வைத்தால் புகார் குறையும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பிள்ளைகள் விளையாடும் பக்கம் அதற்கு இடமில்லை.

சருகை முழுக்கக் கூட்டி அள்ளாமல் புதரடியில் மட்டும் விட்டால் மண்ணின் ஈரம் காயாது, புழு பூச்சியும் தங்கும், மைனா கிளறும். பறவைக்கு வைக்கும் தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்க வேண்டும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும்; ஒரு வாரம் பத்து நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும். ஆகவே தட்டைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவியே நிரப்ப வேண்டும்.

இந்த உயிர்களுக்காக இரவில் விளக்கைக் குறைக்கச் சொல்லி வடசென்னையில் யாரும் கேட்க மாட்டார்கள். பாதுகாப்பை நினைத்தால் கேட்கவும் கூடாது. ஆனால் வெளிச்சம் பாதையில் மட்டும் விழும்படி விளக்கின் தலையைக் கீழ்நோக்கித் திருப்பலாம். பூங்காவைப் பூட்டிய பின் வாசல் விளக்கை மட்டும் எரியவிட்டால் போதும்.