ஒன்ராறியோவில் பிள்ளைக்கு முதல் கார்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 16 வயதில் கார் ஓட்டப் பழகலாம். இலங்கையில் கார் லைசென்ஸுக்கு 18 வயதாக வேண்டும். அதனால் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பகுதித் தமிழ் வீடுகளில் பெற்றோர் நினைத்ததற்கு முன்னரே, பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே, கார்ப் பேச்சு வந்துவிடுகிறது. இறக்குமதி வரி மிகுந்த இலங்கையில் கார் ஒரு சொத்து. பல ஆண்டு ஓடிய பின்னும் நல்ல விலைக்குப் போகும். கனடாவிலோ அது வாங்கிய நாளிலிருந்து விலை இறங்கும் பொருள். விலையை மட்டும் பார்த்து முதல் காரை இங்கே தெரிவு செய்ய முடியாது. லைசென்ஸ் விதிகள், காப்புறுதி, பனி, உப்பு ஆகியவையே அதைத் தீர்மானிக்கின்றன.

மாகாணத்தின் படிமுறை லைசென்ஸ் திட்டம் 1994இல் நடைமுறைக்கு வந்தது. கண்பார்வைச் சோதனையிலும் எழுத்துத் தேர்விலும் தேறியவருக்கு முதலில் கிடைப்பது ஜி1. இதை வைத்திருப்பவர் தனியே ஓட்டக் கூடாது. முழு லைசென்ஸுடன் குறைந்தது நான்கு ஆண்டு ஓட்டிய ஒருவர் பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஓட்டத் தடை. 401, 404 போன்ற நெடுஞ்சாலைகளில், பயிற்றுநர் கூட இருந்தாலன்றி, ஏறக் கூடாது. இந்தக் காலம் 12 மாதம். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நெறியை முடித்தால் 8 மாதம். எப்போதும் ஒரு பெரியவருடனேயே ஓட வேண்டியிருப்பதால் இந்தக் கட்டத்தில் தனிக் கார் தேவையில்லை. வீட்டுக் காரே போதும்.

அடுத்த கட்டமான ஜி2 கிடைத்த பின்புதான் பிள்ளை தனியே ஓடத் தொடங்கும். அப்போதும் 19 வயதும் அதற்குக் குறைவும் உள்ளவர்கள் முதல் 6 மாதத்துக்கு, நள்ளிரவுக்கும் காலை 5 மணிக்கும் இடையில், தங்கள் வயதொத்த ஒருவரை மட்டுமே ஏற்றலாம். அதன்பின் மூவர் வரை. வீட்டார் இந்தக் கணக்கில் வருவதில்லை. 21 வயது வரை, மது அருந்தினால் அளவு எவ்வளவு குறைவாயினும் ஓட்டக் கூடாது. நண்பர் கூட்டத்தை ஏற்றும் ஏழு இருக்கை வான் முதல் காராகப் பொருந்தாது என்பதற்கு, ஏற்றுபவரின் எண்ணிக்கை பற்றிய விதியின் நோக்கமே சான்று.

காப்புறுதி இல்லாத கார் தெருவில் இறங்க முடியாது. மூன்றாம் தரப்புப் பொறுப்புக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 200,000 டொலர். பெரும்பாலானோர் எடுப்பது 10 இலட்சம் அல்லது 20 இலட்சம். கட்டணத்தை வயது, அனுபவம், அஞ்சல் குறியீடு, காரின் வகை, அது திருடுபோகும் வாய்ப்பு எல்லாம் சேர்ந்து நிர்ணயிக்கின்றன. இளம் ஆண் ஓட்டுநருக்குக் கட்டணம் கூடுதல். பழைய கார் ஒன்றுக்குக் கட்டும் காப்புறுதி, இரண்டு மூன்று ஆண்டில் காரின் விலையையே தாண்டிவிடுவதும் உண்டு.

வீட்டில் லைசென்ஸ் உள்ள அனைவரையும் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். மூன்று ஓட்டுநருக்கு இரண்டு கார் இருக்கும் வீட்டில் பிள்ளையை இடைக்கிடை ஓட்டுபவராகச் சேர்க்கலாம். மூன்றாவது கார் வாசலுக்கு வந்ததும், பெரும்பாலான நிறுவனங்கள் பிள்ளையை ஒரு காரின் முதன்மை ஓட்டுநராக எடுத்துக்கொள்ளும். கட்டணம் சட்டென ஏறும். இதைத் தவிர்க்கத் தகப்பன்தான் ஓட்டுகிறார் என்று எழுதுவோரும், கட்டணம் குறைந்த ஊரிலுள்ள உறவினரின் முகவரியைக் கொடுப்போரும் இருக்கிறார்கள். விபத்து விசாரணையில் பொய் வெளிப்பட்டால் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம், ஒப்பந்தத்தையும் இரத்துச் செய்யலாம். விலை பேசுவதற்கு முன்னரே காரின் விபரத்தைத் தரகரிடம் கொடுத்துக் கட்டணத்தைக் கேட்டறிவதுதான் முறை.

காரின் வகையில் நடுத்தரமே நல்லது. மிகச் சிறிய கார் பெரிய வாகனத்துடன் மோதினால் அடி முழுவதும் சிறியதற்கே. உயரமான பெரிய வாகனம் புதியவர் கைக்கு அடங்காது. குதிரைவலு கூடிய கார் வேகத்துக்கு ஆசை காட்டும். வழுக்கும் சாலையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே தானாகப் பிரேக் கொடுத்துக் காரை நேராக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு, 2011 செப்டம்பர் முதல் தயாரான புதிய கார்களுக்குக் கனடாவில் கட்டாயம். ஆகவே 2012ஆம் ஆண்டு மாதிரிக்கு முந்தியவற்றை விட்டுவிடலாம். பின்பக்கக் கமரா கட்டாயமானது 2018இல். தமிழ் வீடுகள் பலவும் நாடும் ரொயோட்டா கொரோலா, ஹொண்டா சிவிக் இரண்டும் இந்த மாகாணத்தில் நெடுங்காலம் தயாரிக்கப்பட்டவை: கொரோலா 2019 வரை கேம்பிரிட்ஜில், சிவிக் அலிஸ்டனில். இவற்றின் பாகங்கள் எளிதில் கிடைக்கும். திருத்தத் தெரிந்த மெக்கானிக்கும் எங்கும் உண்டு.

இங்கே பழைய காரைத் தின்பது ஓடிய தூரத்தைவிட உப்புத்தான். பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு கரைந்து காரின் அடியில் ஒட்டி இரும்பை அரிக்கிறது. மேலே பளபளக்கும் காரை மெக்கானிக் தூக்கி நிறுத்தி, டோர்ச் வெளிச்சத்தில் கதவுக்குக் கீழுள்ள விளிம்பையும் சக்கர வளைவின் உட்பக்கத்தையும் பிரேக் குழாய்களையும் பார்ப்பார். வண்ணம் கொப்பளித்த இடத்தைத் திருப்புளியால் தட்டும்போது இரும்பு கணீரென்றால் நல்லது; துகளாக உதிர்ந்தால் அந்தக் காரை விட்டுவிட வேண்டும்.

ரயர்ச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். பனிக்கால ரயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்திருக்கும். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்ராறியோவில் இது கட்டாயமில்லை. ஆனால் மாட்டுபவருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் தள்ளுபடி கொடுக்க வேண்டும் என்ற விதி 2016 முதல் உண்டு.

தனியாரிடம் வாங்கும்போது, பழைய வாகனத் தகவல் தொகுப்பை விற்பவர் தர வேண்டும் என்பது சட்டம். ஒன்ராறியோவில் காரை முன்பு வைத்திருந்தவர்கள், நிலுவைக் கடன், கணிக்கப்பட்ட விலை ஆகியவை அதில் இருக்கும். பாதுகாப்புத் தரச் சான்றிதழ் 36 நாளுக்குச் செல்லும்; சோதித்த நாளில் கார் குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்பதற்கு மேல் அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை. வாங்கிய விலைக்கும் கணிக்கப்பட்ட விலைக்கும் இடையில் எது கூடியதோ அதில் 13 சதவீதம் வரி. தாய், தகப்பன், பேரன், பேத்தி, உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவுக்குள் இனாமாகக் கைமாறும் காருக்கு, சத்தியக் கடதாசி கொடுத்தால் வரி இல்லை. தாய்மாமனும் சித்தப்பாவும் தமிழர் கணக்கில் எவ்வளவு நெருக்கமானாலும் இந்தச் சலுகைக்குள் வரமாட்டார்கள்.

கடைசியாக, காரை யார் பெயரில் பதிவது என்பது. உரிமையாளரின் சம்மதத்துடன் ஓட்டியவர் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தால், மாகாணச் சட்டப்படி உரிமையாளரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. பிள்ளை ஓட்டும் கார் பெற்றோர் பெயரில் இருக்கும் வீட்டில், மூன்றாம் தரப்புப் பொறுப்பைச் சட்டம் கேட்கும் குறைந்த தொகையோடு நிறுத்திக்கொள்வது, வீட்டையும் சேமிப்பையும் பணயம் வைப்பதாகிவிடும்.