பெரிய வெள்ளியும் தப்பும்

எனக்குள் இருந்த சாதி வெட்கத்துக்கு இறையியல் என்று பெயர் சூட்டி, ஒரு கலைஞரை வழிபாட்டிலிருந்து விலக்கி வைத்தவன் நான். இதுவரை யார் கேட்டாலும் 'வழிபாட்டு ஒழுங்கு' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், அப்போது பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. அப்பா அங்கே கிராணி, அதாவது எழுத்தர். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளோடு விளையாடினாலும், அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம்.

பெரிய வெள்ளி மாலையில் ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, லயங்களைச் சுற்றித் தூக்கிப் போவோம். முன்னால் தப்பு, அதாவது பறை, போகும். அடிப்பவர் எங்கள் சபையைச் சேர்ந்த பெரியவர். காய்ந்த ஓலையைக் கொளுத்தி, தோலைத் தீயில் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்ப்பார். ஓசை கூடியதும்தான் எழுந்திருப்பார். இடக்கையில் மெல்லிய நீளக் குச்சி, வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி. தோட்டத்தில் யார் செத்தாலும் அடிக்கிற அதே அடியைத்தான் ஆண்டவருக்கும் அடிப்பார். அதைக் கேட்டதும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள்.

சபைக் குழுச் செயலாளரானதும் அதை நிறுத்தினேன். சாவு மேளம் கோயிலுக்கு ஆகாது என்றேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில் ஒழுங்கைப் பற்றிய வசனத்தைத் துணைக்கு இழுத்துக்கொண்டேன். கீபோர்டு வாங்கினோம். பெரியவரிடம் சொல்லப் போனபோது அவர் எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க தம்பி. சாமிக்குப் புடிக்காதுன்னா வேணாம்" என்றார்.

நான் செய்த பாவத்தின் முழு அளவும் அந்தப் பதிலில் இருக்கிறது. அவர் கைத்தொழிலைக் கடவுளுக்குப் பிடிக்காது என்று அவரையே நம்ப வைத்துவிட்டேன்.

விவரம் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. மறைபரப்பு நாடுகளின் இசை மரபுகளுக்கு வழிபாட்டில் உரிய இடம் தர வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே எழுதிவைத்துவிட்டது. நான் அதைப் படித்திருந்தேன். தேம்பாவணி பற்றி மேடையேறிப் பேசுவேன். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் ஒரு தச்சரைக் காப்பியத் தலைவனாக்கி 3615 பாடல்கள் பாடியதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுக்கும். காப்பியமாக வந்தால் தமிழ்க் கலை, தோலும் கட்டையுமாக வந்தால் தீட்டு. இப்படித்தான் இருந்தது என் அளவுகோல்.

எட்டாம் நூற்றாண்டில் திருவுருவங்களை உடைக்கச் சொன்னவர்களுக்குத் தமஸ்கு யோவான் சொன்ன பதிலைப் பின்னால்தான் ஊன்றிப் படித்தேன். கடவுளே உடல் எடுத்துவிட்ட பிறகு சடப்பொருளை இழிவாக எண்ண நமக்கு உரிமையில்லை என்பது அவர் வாதம். 787இல் நிசேயா சங்கம் திருவுருவங்களின் பக்கம் நின்றது. மரத்துக்கும் வண்ணத்துக்கும் பொருந்துகிற நியாயம் மாட்டுத் தோலுக்குப் பொருந்தாதா? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்ற தியாப்பிலஸ் அப்பாவு கிராமியப் பாட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளியிட்ட நூலில் பறையைக் கிறிஸ்துவின் குறியீடாகவே வாசித்தார். அவர்கள் எழுதிக் காட்டியதை எங்கள் பெரியவர் ஆண்டுதோறும் லய வாசல்களில் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் செத்த எந்தக் கூலிக்காரருக்கும் கிடைத்த அதே மரியாதையோடு மீட்பர் எங்கள் நடுவில் செத்துக் கிடந்தார். அதைவிட ஆழமான பிரசங்கத்தை அந்தக் கோயிலில் நான் கேட்டதில்லை.

தோட்டம் கைமாறியது. சனம் புக்கிட் ரோத்தானுக்கும் கிள்ளானுக்கும் பிரிந்து போனது. பெரியவரும் போய்ச் சேர்ந்தார். அவரிடமிருந்து யாரும் அந்த அடியைக் கற்றுக்கொள்ளவில்லை. கோயிலிலேயே இடமில்லாத வாத்தியத்தைப் பிள்ளைகள் எதற்காகக் கற்பார்கள்?

அவர் மகனைத் தேடிப் போய் இதையெல்லாம் சொன்னேன். பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மன்னிக்க வேண்டிய கடன் அவருக்கில்லை. இவ்வருடம் சபைக் குழுவில் பெரிய வெள்ளிப் பவனிக்குத் தப்பு வேண்டும் என்று கேட்டேன். இரண்டு இளைஞர்கள் எழுந்து, சாவு மேளம் கோயிலுக்கு ஆகாது என்றார்கள். இருவருக்கும் ஞாயிறு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவன் நான். அடுத்த கூட்டத்தில் அவர்கள் முன்னால் பெரியவரின் கதையை முதலிலிருந்து சொல்லப்போகிறேன்.