மேசைக்கு அப்பால்

நேர்முகப் பரீட்சையொன்றிலே நாம் தோற்ற கதையை இதுவரை எவருக்கும் சொன்னதில்லை. குற்றம் எம்முடையதே என நம்பியிருந்தமையே அதற்குக் காரணம்.

பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று வெளியேறிய காலம் அது. இரவற் சப்பாத்துடன் கொழும்புக் கந்தோர் ஒன்றின் விறாந்தையிற் காலை முழுதும் காத்திருந்தோம். உள்ளே மூவர் இருந்தனர். ஒருவர் கதிரையிற் சாய்ந்து கூரையை நோக்கினார். ஒருவர் சான்றிதழ்களைப் புரட்டினாரேயன்றி எமது முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர், நாம் விடை கூறிக்கொண்டிருக்கையிலேயே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடுஞ்சொல் எதுவும் பிறக்கவில்லை. ஆயினும் நன்கறிந்த விடயமே நாவிற் சிக்கிற்று. 'தகுதி போதாது' என்று எம்மை நாமே நொந்தபடி வெளியேறினோம்.

பல ஆண்டுகளின் பின்னரே, வேர்ட், சன்னா, கூப்பர் என்னும் மூவர் 1974இல் வெளியிட்ட ஆய்வொன்றை அறிய நேர்ந்தது. அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திலே வெள்ளையின மாணவர் சிலரைப் பரீட்சகராக அமர்த்தினர். கறுப்பின விண்ணப்பதாரிகள் வந்தபோது அம்மாணவர் தள்ளி அமர்ந்தனர், பேச்சிலே தடுமாறினர், ஏறத்தாழக் காற்பங்கு நேரம் முன்னதாகவே உரையாடலை முடித்தனர். அடுத்த சோதனையில், பயிற்றப்பட்ட பரீட்சகர்கள் வெள்ளையின விண்ணப்பதாரிகள் சிலரை அதே விதமாக நடத்தினர். இப்போது தடுமாறியோர் வெள்ளையினத்தவரே! பதற்றம் மிக்கோர், தகுதி குறைந்தோர் என நடுவர்கள் அவர்களை மதிப்பிட்டனர்.

அங்கே நிறம் செய்ததை இங்கே உடையும் ஊரும் பேச்சுவழக்கும் செய்கின்றன என்பது எமது எண்ணம். நிமிர்ந்து இருக்கவும் கண்ணை நோக்கிப் பேசவும் எமது இளைஞருக்குக் கற்பிக்கின்றோம். மேசைக்கு அப்பால் இருப்பவருக்குக் கற்பிப்போர் யார்? எல்லோருக்கும் ஒரே வினாக்கள், ஒரே கால அளவு, ஒவ்வொரு விடைக்கும் அவ்வப்போதே எழுதப்படும் புள்ளி: இவை சலுகைகள் அல்ல, விண்ணப்பதாரியின் உரிமைகள்.

ஆனால், அந்த மேசை கந்தோரில் மட்டுமா இருக்கின்றது? சென்ற மாதம் எமது வகுப்பிலே, தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவியொருத்தி விடை சொல்ல எழுந்தாள். அவள் சொற்களைத் தேடுகையில் எமது கண் கடிகாரத்தை நாடிற்று. கண்டவள் பாதியிலே நிறுத்தி அமர்ந்துவிட்டாள். வைத்தியரின் மகன் சொற்களைத் தேடும்போதெல்லாம் நாம் புன்னகையுடன் காத்திருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் கடிகாரத்தைக் கழற்றி லாச்சியில் வைத்துவிட்டு அவளிடம் அதே வினாவைக் கேட்டோம். அவள் எழுந்தாள், முதலில் எமது முகத்தைப் பார்த்தாள். பின்னரே பேசத் தொடங்கினாள்.