பழவேற்காடு: ஒரு முன்னாள் தலைநகரம்

தலைநகரம் பார்க்கப் போகிறேன் என்றதும் வீட்டில் டெல்லியா என்று கேட்டார்கள். நான் போனது பொன்னேரியில் பஸ் ஏறிப் பழவேற்காட்டுக்கு :-) சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். கூடப் படிக்கும் நண்பனின் ஊர் அங்கே ஏரிக்கரையில் ஒரு மீனவ குப்பம்.

பி.காம். படிப்பவர்களுக்கு டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி தெரிந்த பெயர்தான். 1602-ல் தொடங்கி, பொதுமக்களிடம் பங்கு விற்றுப் பணம் திரட்டிய கம்பெனி. அதற்குச் சோழமண்டலக் கரையில் தலைநகரம் இந்த ஊர்தான். 1613-ல் கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். துணி வாங்கிக் கப்பலேற்றினார்கள், நாணயம் அடித்தார்கள், வெடிமருந்தும் செய்தார்கள். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

டச்சுக்காரர்களுக்கு முன்பே இது விஜயநகர காலத் துறைமுகம். தெலுங்கு வணிகர்கள், அரபு வணிகர்கள், போர்ச்சுகீசியர்கள் எல்லோரும் வந்து போயிருக்கிறார்கள். இன்றும் பெருமாள் கோயில், பள்ளிவாசல், மகிமை மாதா கோயில் மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

கோட்டை இருந்த இடத்தில் இப்போது முள்புதர்தான். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே குடும்பச் சின்னங்களோடு பெரிய பெரிய கற்பலகைகள். ஆனால் பஞ்சத்திலும் போரிலும் விலைக்கு வாங்கப்பட்டு, இங்கிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கப்பலேறியவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் பெயரில் ஒரு கல்லைக்கூட நான் பார்க்கவில்லை.

அந்தக் கம்பெனி போய்விட்டது. ஊரில் இன்னொரு பங்குமுறை இருக்கிறது, அதன் பெயர் பாடு. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. அதனால் எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. இதிலும் குறை உண்டு. பாரம்பரியமாக மீனவச் சாதி ஆண்களுக்குத்தான் பாடு. பெண்களுக்கும் மற்றச் சாதிக்காரர்களுக்கும் இடமில்லை. இதனால் ஏரியில் சண்டைகளும் நடந்திருக்கின்றன.

நண்பனின் அப்பாவுக்குக் கவலை வேறு. கடலில் பிறக்கும் இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாகத்தான் ஏரிக்குள் வந்து வளர வேண்டும். அங்கே மணல் சேர்ந்து வாய் அடைபட்டால் தண்ணீரும் குறையும், இறாலும் வராது. "பாடு கையில இருந்து என்னா பண்றது தம்பி, ஏரில இறால் வேணுமில்ல?" என்றார். மகன் அந்தப் பாட்டை எடுப்பானா, பேங்க் பரீட்சை எழுதுவானா என்ற பேச்சு அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை. அவன் பரீட்சைக்குப் படிக்கிறான், லீவில் வலைக்கும் போகிறான்.

கம்பெனி கிளம்பியபோது இந்த ஊருக்குப் போனது தலைநகர் என்ற பட்டம்தான். ஊர் பிழைத்துக்கொண்டது, ஏரி இருந்ததால். ஏரியே வற்றினால் பிழைக்க என்ன இருக்கிறது?

போகிறவர்கள் கல்லறையைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடாதீர்கள். படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் ஏரிக்கரையில் கொஞ்சம் நில்லுங்கள். முகத்துவாரம் எப்படி இருக்கிறது என்று யாரையாவது கேளுங்கள். அரை மணி நேரமாவது பேசுவார்கள்.